மாரிக்கு முன் அந்த மண்ணைப் பாருங்கள்

எங்கள் உள்ளூராட்சி மன்றத்தின் தலைவர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கும், சுற்றாடலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு – கல்முனை வீதியோரம், எழுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு பழைய பெற்றோல் செட் இருந்தது. ஊரின் பெயரையும் காணிக்காரரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். யாரையும் சந்தியில் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்து மண்ணை ஒருவர்கூடச் சோதிக்கவில்லை, இனியாவது சோதிக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கடந்த ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே பெக்கோ வந்தது. கொங்கிறீற்றுத் தளத்தை உடைத்து, நிலத்துக்குள் கிடந்த இரண்டு இரும்புத் தாங்கிகளையும் சங்கிலி போட்டுத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். பின்னேரம் நான் போனபோது தாங்கிகள் போய்விட்டன, குழி திறந்து கிடந்தது. எங்கள் பக்கத்து மணல் எப்படியென்று உங்களுக்குத் தெரியும், சீனி மாதிரி வெளுத்த மணல். அந்தக் குழியின் சுவரில் மேலே வெளுத்த மணல்தான் இருந்தது. ஆறடிக்குக் கீழே போனதும், ஒரு முழத்துக்கு மேற்பட்ட தடிப்பில் சாம்பலும் கறுப்புமாக ஒரு பட்டி ஓடியது. அதற்கும் கீழே தண்ணீர் ஊறி நின்றது. தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம்.

ஒரு ஈர்க்கை எடுத்து அந்தப் படலத்தைக் கீறிப் பார்த்தேன். இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் இப்படி நிறம் காட்டும் படலம் வரும், எங்கள் ஊர்க் குழாய்க்கிணறுகளில் அது புதிதல்ல. ஆனால் அந்தப் படலத்தைக் கீறினால் கண்ணாடி உடைந்த மாதிரித் துண்டு துண்டாகப் பிரியும், பிறகு சேராது. நான் கீறிய படலம் விலகிக் கொடுத்து, ஈர்க்கை எடுத்ததும் திரும்ப ஒன்றாகக் கூடிவிட்டது. எண்ணெய்ப் படலம்தான் அப்படிச் சேரும்.

இது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பது வருடம் கட்டாரில் மண், நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். நான் பொறியியலாளர் இல்லை. துளை போடுவதும் போத்தல் நிரப்புவதும் லேபல் ஒட்டுவதும்தான் என் வேலை. மூடப்பட்ட எரிபொருள் நிலையங்களில் தாங்கி கிளப்பும்போது எத்தனையோ முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். தாங்கி வெளியே வந்ததும், குழியை மூடுவதற்கு முன்னர், அடியிலிருந்தும் நான்கு சுவர்களிலிருந்தும் மண் எடுப்போம். தாங்கியின் இரு முனைகளுக்கு நேர்கீழே, பௌசர் வந்து ஊற்றும் வாய்க்குக் கீழே, குழாய் ஓடிய பாதை நெடுக, பம்ப் நின்ற இடத்துக்குக் கீழே எல்லாம் தனித்தனியாக எடுப்போம். கசிவு பெரும்பாலும் தாங்கியின் வயிற்றில் இருக்காது, குழாய் மூட்டுகளிலும் ஊற்றுவாயிலும்தான் இருக்கும். திறந்த குழியில் இந்த வேலைக்கு ஒரு காலைப்பொழுது போதும். மூடிய பிறகு அதே மண்ணைப் பார்க்கத் துளைபோடும் இயந்திரம் வேண்டும், செலவும் பல மடங்கு.

எங்கள் ஊரில் அந்தக் காலைப்பொழுது கைவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமையே குழி மூடப்பட்டது. தோண்டிய மண்ணில் பாதியைத் திரும்பக் குழிக்குள்ளேயே தள்ளினார்கள். மீதி நாலைந்து டிப்பரில் ஏறிப் போனது. இப்போது அந்த இடத்தில் கடைத்தொகுதி கட்டப் போகிறார்கள் என்று கயிறு பிடித்து மூலைக்கல் நட்டிருக்கிறார்கள்.

எல்லா ஊரிலும் இது ஒரே அளவான பிரச்சினை இல்லை. களிமண் நிலத்தில் சிந்திய எண்ணெய் மெதுவாகத்தான் நகரும். எங்கள் நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டு. மேலே ஊற்றியது சில மணித்தியாலங்களிலேயே தண்ணீருக்கு இறங்கிவிடும். அந்த மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரும் மழையால் சேர்ந்தது, உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எங்கள் கிணறுகள் ஆழமில்லை. பத்தடி, பன்னிரண்டடிக்குள் தண்ணீர் வந்துவிடும். அந்தக் காலத்தில் பூவல் என்று மணலில் சிறு குழி தோண்டியே குடித்த நிலம் இது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தாலும், குளிக்க, உடுப்புத் தோய்க்க, தோட்டத்துக்கு, குழாய் நின்றுபோன நாளில் குடிக்கவும் கிணற்றடிக்குத்தான் போகிறோம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறைத்தோம், துப்புரவு செய்தோம், திரும்ப இறைத்தோம். எவ்வளவு இறைத்தாலும் உப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மாரி மழைதான் உப்பைக் கழுவிக் கீழே இறக்கியது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இப்போதும் ஊரில் சிலர், "மழை வந்தா எல்லாம் சரியாப் போயிரும் மனே" என்கிறார்கள். எண்ணெய் விசயத்தில் அப்படி நடக்காது. உப்பு தண்ணீரில் கரைந்து கீழே போகும். பெற்றோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசு, நிலத்தடி நீரின் முகத்தில்தான் மிதக்கும். மாரியில் தண்ணீர் மட்டம் ஏறும்போது எண்ணெயும் கூட ஏறும். கச்சான் காற்றுக் காலத்தில் மட்டம் இறங்கும்போது எண்ணெயும் இறங்கும். இப்படி வருடா வருடம் ஏறி இறங்கும்போது அந்த இடைவெளி மணல் முழுவதிலும் அப்பிக்கொள்ளும். நான் குழியில் கண்ட கறுப்புப் பட்டி அதுதான். ஒரு நாள் கைதவறிச் சிந்தியதால் அப்படி ஒரு பட்டி வராது. பல மாரிகள் சேர்ந்து பூசியது அது.

அந்தச் செட்டில் நீண்ட காலம் பம்ப் அடித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசியபோது தானாகவே ஒன்று சொன்னார். மாரி நாட்களில் தாங்கிக்குள் கோல்விட்டு அளக்கும்போது பெற்றோலுக்கு அடியில் தண்ணீர் காட்டுமாம். பௌசரில் வந்த தண்ணீர் என்று அப்போது நினைத்தார்களாம். சில வேளை உண்மையாகவே அப்படியும் இருக்கலாம், காற்றிலிருந்து ஈரம் படிவதும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் கூடியதென்றால், நிலத்தடி நீருக்குள் அமிழ்ந்து நின்ற தாங்கிக்கு எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். தண்ணீர் உள்ளே வந்த வழியால் கோடையில் எண்ணெய் வெளியே போயிருக்கும்.

செட்டுக்குப் பின்வளவில் இருக்கும் மாமியின் கிணற்றை நான் இரண்டு முறை பார்த்தேன். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மணமும் இல்லை. ஒருநாள் விடியற்காலை, யாரும் வாளி போடுவதற்கு முன்னர், ரோச் அடித்துப் பார்த்தேன். கட்டின் மேற்குப் பக்க ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அதே ஊதாப் படலம் ஒட்டிக்கொண்டு நின்றது. மாமி சொன்னா: "விடிய மோட்டர் போட்டா முதல்ல வாற தண்ணி மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மணக்கும் மனே. மறுகா சரியாயிரும்." மணம் போய்விட்டால் சரியாகிவிட்டது என்று அவ நம்புகிறா. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பெற்றோலில் உள்ள பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். குடிநீரில் அது ஒரு லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. மூக்கும் நாக்கும் அதை அறிவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே மணக்காத தண்ணீரும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். பெற்றோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் என்று வைத்தால், ஒரு லீற்றர் பெற்றோலில் கிட்டத்தட்ட 9 கிராம் இருக்கும். அது முழுவதும் கரைந்தால் எட்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரும். எங்கள் பக்கத்துக் கிணறு ஒன்றில் நிற்பது ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் லீற்றர்தான். உண்மையில் எல்லாம் கரைவதில்லை. கொஞ்சம் ஆவியாகும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சத்தைத் தின்றும்விடும். அப்படியிருந்தும் ஒரு லீற்றரின் கணக்கு இது. அந்தத் தாங்கிகள் ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளும், பல பத்து வருடம் நிலத்துக்குள் கிடந்தவை.

கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தயவுசெய்து யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம். கொதிக்கவைத்தால் பென்சீன் தண்ணீரிலிருந்து கிளம்பிக் குசினிக் காற்றில் கலக்கும், அடுப்படியில் நிற்பவர் அதைச் சுவாசிப்பார். குளோரின் போடுவதாலும் எண்ணெய் போகாது, அது கிருமிக்கு உரிய மருந்து. முடிவு வரும்வரை செட்டைச் சுற்றியுள்ள வளவுகளுக்குப் பௌசரில் குடிதண்ணீர் கொடுங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. வரட்சிக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களுக்குப் பௌசர் போவதைப் பார்த்திருக்கிறோம், ஆகவே செய்ய முடியாத காரியம் இல்லை.

அடுத்தது சோதனை. ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரை எடுத்து அனுப்பிவிட்டு, "பிரச்சினை இல்லை" என்று ஒரு வரியில் கடிதம் தருவதை நாங்கள் சோதனையாக ஏற்க மாட்டோம். செட் காணியிலும் சுற்றிலும் துளை போட வேண்டும். மேல்மண்ணை அள்ளுவதில் பயனில்லை. தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் அந்த ஆறடி, ஏழடி ஆழத்து மண்ணைத்தான் எடுக்க வேண்டும். கறுப்புப் பட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டு, அதற்கு வெளியேயும் ஒரு துளை போட்டுச் சுத்தமான மண் வரும்வரை போக வேண்டும். அப்போதுதான் எல்லை தெரியும்.

குறைந்தது மூன்று துளைகளையாவது நிரந்தரக் கண்காணிப்புக் கிணறுகளாக்கி, மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளக்க வேண்டும். மூன்று புள்ளிகளின் உயரம் தெரிந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று சொல்ல முடியும். எங்கள் நிலத்தில் நடுமேட்டிலிருந்து ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் ஓடும். செட் அந்த மேட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை ஊகத்தில் சொல்லக்கூடாது. போதாததற்கு, வளவுக்கு வளவு மோட்டர் போட்டு இழுப்பதால் ஓட்டமே திரும்பியிருக்கவும் கூடும். எங்கள் மணலில் குழாய் இறக்குவது கடினமான வேலையும் இல்லை, குழாய்க்கிணறு அடிக்கும் பொடியன்கள் ஒரு காலையில் இறக்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் விசயம் தெரிந்த ஒருவர் நின்று, ஒரு துளையின் அழுக்கு அடுத்த துளைக்குப் போகாமல் கருவிகளைக் கழுவச் சொன்னால் போதும்.

மாதிரி எடுக்கும் விதம் சின்ன விசயமாகத் தோன்றும். முடிவு தங்கியிருப்பது அதில்தான். கட்டாரில் எனக்கு முதல் வாரமே படிப்பித்தது இது: தண்ணீர் மாதிரியைச் சிறிய கண்ணாடிக் குப்பியில், வாய் ததும்ப நிரப்பி, மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார். ஒரு குமிழி மேலே ஏறினாலும் கொட்டிவிட்டுப் புதிதாக எடு. அந்தக் குமிழிக்குள் பென்சீன் ஆவியாகப் போய்விடும், பிறகு ஆய்வுகூடத்தில் அளவு குறைவாகத்தான் காட்டும். பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் பாதி நிரப்பி, மோட்டர் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கொண்டுபோன தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிராகக் கொண்டுபோக வேண்டும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாள் கூடவே போக வேண்டும்.

பெற்றோலில் உள்ள பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் நான்கையும் பார்க்க வேண்டும். டீசல் தாங்கியும் இருந்ததால் மொத்த பெற்றோலிய ஐதரோகாபன்களையும் நப்தலீனையும் பார்க்க வேண்டும். ஈயத்தையும் விடக்கூடாது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது, எங்கள் செட் அதற்கு மிகவும் முந்தியது.

இவ்வளவையும் மாரி பிறக்க முன்னர் ஒரு முறையும், மாரி நடுவில் மட்டம் ஏறிய பிறகு ஒரு முறையும் செய்ய வேண்டும். ஒரு பருவத்து முடிவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இப்போது புரட்டாதி. வெள்ளம் நின்றுவிட்டால் துளை போடவும் முடியாது, கறுப்பு மணலில் அப்பியிருக்கும் எண்ணெய் இன்னும் ஒரு முறை மேலே கிளம்பிப் பக்கத்து வளவுகளுக்கு நகரும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குப் போனது என்ற முறைப்பாட்டில், கிணற்றில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே ஒரு அறிக்கை ஒன்றைச் சொல்ல இன்னொன்று வேறொன்றைச் சொன்னது. சனங்கள் தண்ணீர்ப் போத்தலோடு தெருவில் நின்றார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பெரிய விசயம்தான். ஆனால் அதற்குள் எத்தனை வருடம் அந்தத் தாய்மார் வாளியோடு அலைந்தார்கள். எங்கே மாதிரி எடுப்பது, எப்படி எடுப்பது, என்ன பார்ப்பது என்பதை ஊராரையும் வைத்துக்கொண்டு முதலிலேயே எழுதி ஒப்புக்கொண்டால், எங்களுக்கு அந்த அலைச்சல் வராது.

காணிக்காரரையும் நான் யோசிக்கிறேன். அவர் எங்கள் ஊர்க்காரர், அவருடைய தகப்பனின் காலத்துச் செட். யுத்த நாட்களில் எண்ணெய்க்கு வரிசை நின்றபோது கடனுக்கும் ஊற்றித் தந்தவர்கள். தாங்கி கிளப்பினால் மண் சோதிக்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, எழுதிக் கொடுக்கவுமில்லை. அமெரிக்காவில் 1984இல் நிலத்தடித் தாங்கிகளுக்கென்று சட்டம் கொண்டுவந்து தேடத் தொடங்கிய பிறகு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். தேடியதால்தான் கிடைத்தது. எங்களிடம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. நிலத்தையும் நீரையும் மாசுபடுத்துவதற்கு எதிரான ஏற்பாடுகள் அதில் உண்டு. உள்ளூராட்சி மன்றத்தின் கையில் அதைவிட நேரடியான ஒரு திறப்பு இருக்கிறது, கட்டட அனுமதி. பழைய செட் காணியில் அத்திவாரம் வெட்ட அனுமதி கேட்டு வருபவரிடம் மண் அறிக்கையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தக் கடைத்தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். மேலே கொங்கிறீற்று விழுந்துவிட்டால் துளை போட இடமிருக்காது. மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியும் வெளியே போக வழியில்லாமல் கடை அறைகளுக்குள் ஏறும். அங்கே இருந்து தைக்கப்போகும் பிள்ளையும், தொலைபேசி திருத்தப்போகும் தம்பியும் நாள் முழுக்க அதைச் சுவாசிப்பார்கள்.

அந்த டிப்பர் மண்ணையும் தேடுங்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டு டிப்பர் ஒரு பள்ளக்காணி நிரப்பப் போனது. புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி அங்கே வீடு எழுப்பிக்கொண்டிருக்கிறது, கிணறும் வெட்டப் போகிறார்கள். மற்ற டிப்பர்கள் எங்கே கொட்டின என்று ஓட்டிய தம்பிமாருக்குத் தெரியும். அவர்களை மிரட்டாமல் கேளுங்கள், சொல்வார்கள். ஒரு பிடி மண்ணைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஆவியை அளக்கும் வாயுமானியின் முனையைச் செருகிப் பார்த்தால், எந்த மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என்று அங்கேயே தீர்மானிக்கலாம்.

இந்த விசயத்தில் இதுவரை என்ன கடிதப் போக்குவரத்து நடந்தது, தாங்கி கிளப்ப யார் அனுமதித்தார் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அது தன் பாட்டில் நடக்கட்டும். அதற்கு முன்னரே நீங்கள் வந்தால் எங்களுக்கு அதுதான் சந்தோசம்.

செட்டைச் சுற்றி எந்தெந்த வளவில் கிணறு உண்டு, எத்தனை முழம், எது குடிக்க, எது தோய்க்க, யார் வீட்டில் குழந்தை உண்டு என்று வீடு வீடாகப் போய் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று கிணறுகள். வரும்போது அதை உங்கள் கையில் தருவேன். துளைபோட வருபவர்களுக்குத் தேநீரும் சாப்பாடும் மாமி வீட்டில். வரும் நாளை மட்டும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். அன்று விடிய யாரும் கிணற்றில் வாளி போடாமல், மோட்டர் போடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செட்டுக்கு நான்கு வளவு தள்ளி இருப்பவன்
எழுவான்கரை, மட்டக்களப்பு